அக்கா பக்கத்துக் கிளை

தை பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் வீட்டு மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு சின்ன அறை உண்டு. பழைய பாய், ஓடாத மின்விசிறி, விசேஷத்துக்கு மட்டும் இறக்கும் பெரிய அண்டாக்கள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். அந்த அறையின் ஜன்னலில் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன்.

மாடியை இரண்டாகப் பிரிக்கும் இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம் என் அக்கா மல்லிகா வந்தாள். மீன் ஏலம் முடிந்து துறைமுகத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். சேலையை ஏற்றிச் செருகியது செருகியபடி இருந்தது.

சுவரின் நடுவில் கொத்தனாரை வைத்துக் கட்டிய ஒரு மேடை. அதன் மேல் தட்டையான சட்டியில் எங்கள் பைன் மரம். மரம் என்றால் ஒரு முழத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் அடித்தண்டு என் மணிக்கட்டைவிடப் பருமன். பட்டை வெடித்து, ஏதோ மலையுச்சியில் பல தலைமுறை கண்ட மரம் போல இருக்கும். அக்கா தன் பக்கத்துக் கீழ்க்கிளையை இடது கையில் ஏந்திக்கொண்டு பழைய ஊசிகளைப் பிடுங்க ஆரம்பித்தாள்.

அக்காவும் நானும் பேசி வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. காலையில் மாடி அவளுக்கு, மாலையில் எனக்கு. யாரும் பேசி வைக்காத ஏற்பாடு. ஆனால் ஜன்னலில் நிற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் காலைப் பொழுது அந்த ஜன்னலில்தான் விடிந்தது.

அன்றைக்கு நடந்ததைச் சொல்வதற்குமுன் காரைக்காலுக்குப் பைன் மரம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

சவுக்கு இல்லைங்க

எங்கள் கடற்கரை முழுக்கச் சவுக்கு. அதனால் எங்கள் மாடிக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான். தண்ணீர்த் தொட்டி கழுவ வந்த ஆள் கூடக் கேட்டார்.

"சவுக்குக் கன்ன என்னாத்துக்குங்க சட்டியில வச்சிருக்கீங்க? கொல்லையில வச்சா வெறகாச்சும் ஆவும்."

"சவுக்கு இல்லைங்க, இது பைன். மலையில இருக்குற மரம்."

"மலையில இருக்குறது இங்க என்னா பண்ணுது?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் அப்பாவுக்கு நாங்கள் இரண்டே பெண்கள். வீட்டை இரண்டு பேருக்கும் சரிபாதியாக எழுதி வைத்துவிட்டுப் போனார். அவர் போன அடுத்த கோடையில் இரண்டு குடும்பமும் ஒரே வேன் பிடித்துக் கொடைக்கானல் போனோம். பிள்ளைகள் படகுச் சவாரி, குதிரை என்று ஓட, அக்காவும் நானும் ஒரு நர்சரியில் மாட்டிக்கொண்டோம். அங்கே ஒரு பெரியவர் சட்டி மரங்கள் வைத்திருந்தார். அதில் ஒரு பைன். கிளைகள் மேகம் மேகமாக நின்றன. அக்கா அதைவிட்டு நகரவே இல்லை.

"இது ஜப்பான் பைன். அங்க கடலோரத்துல வளர்றது. உப்புக்காத்துக்கு அசையாது" என்றார் பெரியவர்.

கடலோரம் என்றதும் அக்கா என்னைப் பார்த்தாள். ஆளுக்கொரு கன்று வாங்கினோம். இரண்டும் விரல்தண்டி, ஒரே மாதிரிக் கறுப்பு பாலிதீன் கவர். வேனில் பிள்ளைகளின் காலடியில் வைத்துக்கொண்டு வந்ததில் எது யாருடையது என்பது திண்டுக்கல் தாண்டுவதற்குள் மறந்துபோய்விட்டது. அடையாளம் வைக்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

முதல் மழைக்காலத்தில் ஒன்று அழுகிச் செத்தது.

"செத்தது ஒன்னுதுடி செல்வி. இது என்னுது" என்றாள் அக்கா, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு.

"எத வச்சுச் சொல்ற? ஒன்னுதுதான் போயிடுச்சு."

அம்மா அப்போது இருந்தாள். எங்கள் சத்தம் பொறுக்காமல், "ரெண்டு பேருக்கும் நடுவுல வச்சுத் தொலைங்க" என்றாள். அப்படித்தான் சுவரில் மேடை வந்தது. அந்த வழக்கு மட்டும் தீரவே இல்லை. பல வருஷம் அது எங்களுக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்தது.

அவள் ஈயமும் என் கம்பியும்

பைன் வளர்ப்பது முருங்கை வளர்ப்பது போல இல்லை. இரண்டு வருஷம் கழித்துத்தான் நாம் செய்தது சரியா தப்பா என்றே அது சொல்லும். களிமண் ஆகாது. ஆற்று மணலும் செங்கல் பொடியும் சலித்துக் கலந்து போட வேண்டும். ஐப்பசி அடைமழையில் சட்டிக்கு மேல் தகடு சாய்த்து வைக்க வேண்டும். எங்கள் ஊரின் உப்புத் தண்ணீரை ஊற்றக் கூடாதென்று நான் டிரம்மில் மழைத் தண்ணீர் பிடித்து வைப்பேன். அக்கா எனக்குத் தெரியாமல் மீன் கழுவின தண்ணீரை ஊற்றுவாள். மரம் இரண்டையும் குடித்தது.

மாசி, பங்குனியில் நுனிகளில் விளக்குத்திரி மாதிரி துளிர் நிமிரும். நாங்கள் அதைத் திரி என்றே சொல்வோம். நீண்ட திரியைக் கிள்ளிவிட்டால் அடுத்து வருவது குட்டையாக, அடர்த்தியாக வரும். மழை முடிந்த பிறகு பழைய ஊசிகளைப் பிடுங்கினால் உள்ளே வெளிச்சம் போகும். இப்படி வருஷா வருஷம் செய்ததில்தான் எங்கள் மரத்துக்கும் மேகம் வந்தது.

கிளையை வளைப்பதில் எங்களுக்கு ஒத்தே வராது. நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தவள். இந்தத் தொடரில் போன வாரங்களில் அந்தக் கதையைப் படித்திருப்பீர்கள். எனக்கு எல்லாம் அளவாக இருக்க வேண்டும். செம்புக் கம்பியைச் சுற்றி, கிளையை எந்தக் கோணத்தில் நிறுத்த வேண்டுமோ அந்தக் கோணத்தில் நிறுத்துவேன். அக்கா வலையில் கட்டுகிற ஈயக்குண்டைத் தூண்டில் நரம்பில் கோத்துக் கிளையில் தொங்கவிடுவாள். அத்தானுக்குப் பட்டினச்சேரியில் பைபர் படகு உண்டு. ஈயத்துக்கும் நரம்புக்கும் அவளுக்குப் பஞ்சமில்லை.

"மரத்த ஆஸ்பத்திரில சேத்து மாவுக்கட்டுப் போட்ட மாதிரி இருக்குடி ஒன் பக்கம்" என்பாள்.

"ஒன் பக்கம் வல காயப்போட்ட மாதிரி இருக்கு" என்பேன்.

பார்க்கிறவர்களுக்கு அது ஒரு மரம். எங்களுக்கு இரண்டு. என் பக்கம் விறைப்பு, அவள் பக்கம் தழைவு. அவளுடைய கீழ்க்கிளைதான் மரத்துக்கே அழகு என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் நான் சொன்னதே இல்லை. சொன்னால் தலைக்கு மேல் ஏறிக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். வேம்பை எங்கே வெட்டினாலும் துளிர்க்கும். பைன் அப்படி இல்லை. கிளையில் பச்சை இருக்கிற வரைக்கும்தான் உயிர். நுனி மொட்டும் ஊசியும் மொத்தமாகப் போய்விட்டால் அந்தக் கிளை போனது போனதுதான். அந்த இடத்தில் இன்னொன்று வராது.

வெற்றிலை வைக்காத கல்யாணம்

என் மகள் வித்யாவின் கல்யாணத்தில்தான் எல்லாம் நின்றுபோனது.

மாப்பிள்ளை பார்த்ததிலிருந்து புடவை எடுத்தது வரை அக்கா கூடவே இருந்தாள். பத்திரிகை வைக்கத் திருவேட்டக்குடி, நாகூர், நாகப்பட்டினம் என்று நானும் என் வீட்டுக்காரரும் அலைந்தோம். தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், பூ, பத்திரிகை வைத்து, வீடு வீடாக நின்று, "குடும்பத்தோட வந்துடணும்" என்று சொல்லி முடிப்பதற்குள் தொண்டை கட்டிவிட்டது. அக்கா வீட்டுக்கு மட்டும் போகவில்லை. ஏன் போக வேண்டும்? அவள் அழைக்கிற வீட்டுக்காரி. அழைக்கிறவளே அழைப்பு வாங்குவாளா?

அக்கா தன் மகன் குமாரிடம் சொன்னாளாம், "ஊருக்கெல்லாம் தட்டு போச்சு. நடுச்சொவரு தாண்டி ஒரு தட்டு வரலியே" என்று. அது என் காதுக்கு வந்தபோது முகூர்த்தத்துக்கு முதல் நாள். ஓடினேன். தட்டை நீட்டினேன்.

"இப்ப எதுக்கு? ஞாபகம் வந்துடுச்சா?" என்றாள். தட்டை வாங்கவில்லை.

கல்யாணத்துக்கு வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து தாலி கட்டும்போது அட்சதை போட்டாள். பந்தியில் உட்காரவில்லை. அக்கா சாப்பிடாமல் போன கல்யாணம் என்று என் பெண்ணின் கல்யாணத்துக்குப் பேர்.

என் பக்கம் தப்பு இருப்பதாக இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. உரிமை என்று நான் நினைத்தது அவளுக்கு அலட்சியமாகப் பட்டது. அதற்கு யார் என்ன செய்ய முடியும்? ஆனால் யார் பக்கம் தப்பு என்பது தெரிந்து என்ன ஆகப்போகிறது. அடுத்த பொங்கலுக்குத் தூக்கில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினேன். எங்கள் பக்கத்தில் பாத்திரத்தை வெறுமனே திருப்ப மாட்டார்கள். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். அக்கா அந்தத் தூக்கைப் பளபளவென்று விளக்கி, ஒன்றும் போடாமல் திருப்பி அனுப்பினாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

ஆண்கள் இரண்டு பேருக்கும் இதில் ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரரும் அத்தானும் தினமும் ஒரே டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள்.

மரத்தில் நடந்த பேச்சு

நாங்கள் பேசாவிட்டாலும் மரம் பேசிக்கொண்டிருந்தது. உச்சியை நான் கம்பி போட்டு என் பக்கம் சாய்ப்பேன். சில நாளில் ஓர் ஈயக்குண்டு தொங்கும், உச்சி அந்தப் பக்கம் போயிருக்கும். நான் இன்னொரு சுற்றுக் கம்பி போடுவேன். குண்டு பெரிதாகும். இரண்டு பேரும் இழுத்த இழுப்பில் உச்சி நேராக நின்றுவிட்டது. அந்த மரத்துக்கு அதுதான் பொருத்தம் என்று பிறகு எனக்கே தெரிந்தது.

ஒரு புயல் எச்சரிக்கையின்போது சட்டியை இறக்கி வைக்க வேண்டியிருந்தது. ஈரம் குடித்த சட்டி, ஒரு ஆளால் ஆகாது. நான் மாடிக்குப் போனபோது அக்கா ஏற்கெனவே அங்கே நின்றாள். காற்றில் அவள் முந்தானை பறந்தது. நான் ஒரு பக்கம் பிடித்தேன், அவள் ஒரு பக்கம் பிடித்தாள். "ம்" என்றாள். தூக்கினோம். என் பக்கத்து அறையில் வைத்தோம். அவள் திரும்பிப் போய்விட்டாள். அந்த "ம்"மை ஒரு வார்த்தையாகச் சேர்த்துக்கொள்ளலாமா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "சேத்துக்க" என்றார்.

இதற்கெல்லாம் பிறகுதான் எனக்கு அந்த ஜன்னல் கிடைத்தது. அக்கா வருவாள், முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்வாள், ஒரு குண்டை அவிழ்த்து இன்னொன்றைக் கட்டுவாள். சில நாள் சும்மா நின்று மரத்தைப் பார்ப்பாள். அவள் தலையில் நரை ஏறுவதை அந்த ஜன்னலிலிருந்துதான் பார்த்தேன். அவள் போன பிறகுதான் கீழே இறங்குவேன். காபி எப்போதும் ஆறிப்போயிருக்கும்.

அன்று காலை

அன்றைக்கு அக்கா பிடுங்கியது பழைய ஊசிகளை அல்ல.

முதலில் எனக்குப் புரியவில்லை. பழைய ஊசியை ஒவ்வொன்றாக, கீழ்நோக்கி நிற்பதாகப் பார்த்து எடுக்க வேண்டும். அக்கா அப்படித்தான் எடுப்பாள். அன்றைக்கு முருங்கைக்கீரை உருவுகிற மாதிரி உருவிக்கொண்டிருந்தாள். நுனி வரைக்கும் உருவினாள். புது ஊசிகள் தரையில் கொட்டின. மொட்டுகள் அவள் விரலில் உதிர்ந்தன.

பிறகு கவனித்தேன். அவள் கிளையைப் பார்க்கவே இல்லை. முகம் எங்கோ தெரு பக்கம் இருந்தது. விரல்தான் கிளையைத் தடவித் தடவிப் போயிற்று. அடுத்த கொம்பைப் பிடிக்கப் போன கை ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது. மறுபடி தேடிப் பிடித்தது.

எங்கள் குடும்பத்தில் சர்க்கரை உண்டு. லேபில் எத்தனை பேருடைய ரத்தம் பார்த்திருப்பேன். அக்காவின் கண்ணுக்கு என்ன ஆகியிருக்கும் என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் அதை வைத்துக்கொண்டுதான் துறைமுகத்துக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருக்கிறாள் என்பதும் தெரிந்தது.

அதற்குள் அந்தக் கீழ்க்கிளையில் பாதிப் பச்சை போயிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் கிளை போய்விடும். வாய் தானாகத் திறந்தது.

"அக்கா, விடு! மொட்டெல்லாம் போவுது!"

அவள் கை அப்படியே நின்றது. குரல் வந்த பக்கம் திரும்பினாள். ஜன்னலைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெகுதூரம் தள்ளி, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக் கேட்டாள்.

"எத்தன நாளா அங்க நிக்கிற?"

"தெனமும்தான்க்கா" என்றேன்.

ஆசையாகச் சொன்ன பதில்தான் அது. அவள் முகத்தைப் பார்த்ததும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தது. யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அவள் தடுமாறிய நாட்களை எல்லாம் நான் நின்று பார்த்திருக்கிறேன் என்று ஆகிவிட்டது. அப்படி இல்லை, அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். அதைச் சொல்வதற்குள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சுவரைத் தடவியபடி படியிறங்கிப் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அத்தானிடம் சொன்னார். அந்த வாரமே குமார் புதுச்சேரியிலிருந்து காரோடு வந்து அம்மாவையும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனான். ஒரு கண் தேறியது. மற்றது தேறவில்லை. இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். அக்கா பிறகு ஊருக்குத் திரும்பவில்லை. அவர்கள் பக்கத்து வீடு பூட்டியிருக்கிறது.

புதுச்சேரியில்

சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே போனேன். குமார் வீட்டு அழைப்புமணியை அழுத்தினேன்.

அக்காதான் கதவைத் திறந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். உடம்பு வற்றியிருந்தது.

"வாங்க" என்றாள். "உக்காருங்க."

என்னை அவள் "வாடி" என்று அழைக்காத நாள் உண்டா? பேசாமல் இருந்தது வேறு. இது வேறு. ஒரு நாற்காலியைக் காட்டினாள். மருமகள் தட்டில் பிஸ்கட்டும் காபியும் கொண்டுவந்து வைத்தாள். வித்யா எப்படி இருக்கிறாள், மழை பெய்ததா, என் முழங்கால் வலி பரவாயில்லையா என்று எல்லாம் விசாரித்தாள். நானும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். பக்கத்து ஊர் சம்பந்தி வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

என்ன பேசுவதென்று தெரியாமல், அவளைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்து, "மரம் நல்லாருக்குக்கா" என்றேன். "ஒன் பக்கத்துக் கிளை பொழச்சுக்கிச்சு. திரி வந்திருக்கு."

அக்கா காபி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அத்தன வருஷம் கழிச்சு மரத்துக்காகத்தானே வாயத் தொறந்தீங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. "எனக்குக் கண்ணு தெரியலன்னு பாத்தீங்கல்ல? என்னாக்கா ஆச்சுன்னு கேக்கலியே. மொட்டு போவுதுன்னுதான் சொன்னீங்க."

நான் ஏதோ சொல்ல வந்தேன்.

"பரவால்ல. மரத்த நீங்களே வச்சுக்குங்க. அன்னைக்கிச் செத்தது என்னுதுதான்."

அந்த வழக்கில் நான் இப்படி ஜெயிப்பேன் என்று நினைத்ததில்லை. கிளம்பும்போது மருமகளைக் கூப்பிட்டுக் குங்குமம் கொடுக்கச் சொன்னாள். தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு ரவிக்கைத் துணி. வீட்டுக்கு வந்துபோகிற எல்லோருக்கும் கொடுப்பது போல, முறை ஒன்றும் குறையாமல் கொடுத்தாள். நானும் வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கடலூர், சிதம்பரம், சீர்காழி எல்லாம் எப்படிப் போயின என்று தெரியவில்லை. பூவம் வந்து நம் ஊர் எல்லைக்குள் பஸ் நுழைந்தபோதுதான் அக்காவுக்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்குக் கிடைத்தது. மரம் மாலையில் எனக்கென்று இருந்தது. அதைப் பார்க்க எனக்கு ஜன்னல் எதற்கு? காலையில் நான் போய் நின்றது உன்னைப் பார்க்கத்தான், அக்கா.

வீட்டுக்கு வந்ததும் அக்கா நம்பருக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. குமார் எடுத்தான். "அம்மா தூங்குறாங்க சித்தி. எதாவது சொல்லணுமா?" என்று கேட்டான்.

"நல்லபடியா வந்து சேந்துட்டேன்னு சொல்லிடுப்பா" என்று வைத்துவிட்டேன்.